வாசலில் நின்ற பாட்டுகள்

(கொடுங்கையூர் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பாட்டும் மொழிக் கற்பித்தலும்’ என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அதைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறேன். கடந்த முந்நூறு ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தேவாலயங்களுக்குள் பாட்டு எப்படி மாறி வந்தது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் இது எதற்கு என்று யாராவது நினைக்கலாம். நான் பக்தி பேச வரவில்லை. தமிழ் கற்பிக்கிறவர் என்ற முறையில்தான் பேசுகிறேன். நம் மொழி வேறொரு நாட்டு மெட்டில் அகப்பட்டுக்கொண்டபோது அதற்கு என்ன ஆனது? அதை யார் சரிசெய்தார்கள்? யாருடைய இசையை உள்ளே விட்டார்கள், யாருடையதை வாசலிலேயே நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகள் நம் வகுப்பறைக்கும் உண்டு.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணதாசன் நகரிலிருந்து முத்தமிழ் நகர் வரை நடந்தால் ஒரு மாடி வீட்டு ஹாலிலிருந்து கீபோர்டும் ரிதம் பேடும் கேட்கும். பாட்டு தமிழ், தாளம் ஏறக்குறைய சினிமாத் தாளம். பெரம்பூர்ப் பக்கம் போனால் லூர்து மாதா கோயில். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக ஆங்கிலத்தில் பாடி வந்த இடம் அது. ராயபுரத்துப் புனித பேதுரு ஆலயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுத் தொழிலாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் எழுப்பினார்கள். அங்கே வேறொரு பாட்டு மரபு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஐந்து வேளையும் பாங்கு, யாராவது இறந்துவிட்டால் விடிய விடிய மரண கானா. நம் பிள்ளைகளின் காதில் இத்தனையும் விழுகிறது. திங்கட்கிழமை காலையில் அந்தக் காதோடுதான் அவர்கள் நம் முன்னால் உட்காருகிறார்கள்.

இனி தரங்கம்பாடிக்குப் போவோம். 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் லூத்தரன் மரபினர். அந்த மரபில் பாட்டுக்குத் தனி இடம் உண்டு. அதற்கு முன் மேற்கு ஐரோப்பிய ஆலயங்களில் பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாடுவார்கள், மக்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லூத்தர் மக்களையே அவர்கள் பேச்சுமொழியில் பாட வைத்தார். அவருடைய பாடல்கள் அடங்கிய முதல் நூல் 1524இல் வெளிவந்தது. மக்கள் வாயில் நுழைவதற்காகவே அமைந்த மெட்டுகள் அவை. அதே மெட்டுகள் தரங்கம்பாடிக்கு வந்தபோது யார் வாயிலும் நுழையாத மெட்டுகளாகிவிட்டன! பாடல்களைத் தமிழில் பெயர்த்தார்கள், மெட்டை மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தபடியே வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பப்ரிசியஸும் இதே வழியில் ஏராளமான பாடல்களைத் தமிழாக்கினார். அவர் வாழ்ந்தது நமக்குப் பக்கத்தில், வேப்பேரியில். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில்தான் ஓடியது. புரசைவாக்கத்தில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஞானப்பாட்டு என்று லூத்தரன் சபையார் சொல்வது இந்த வகையைத்தான்.

இதில் என்ன சிக்கல்? ஜெர்மன் மொழியில் அழுத்தம் முக்கியம். எந்த அசையை அழுத்திச் சொல்கிறோமோ அது மெட்டின் அழுத்தத்தோடு பொருந்தினால் போதும். நமக்கு அப்படியில்லை, குறிலும் நெடிலும் மாறினால் சொல்லே மாறிவிடும். ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ‘ஹேப்பி பர்த்டே’ மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘தமிழ் கற்ற மனம்’ என்று பாடுங்கள். (அரங்கில் எல்லோரும் பாடுகிறார்கள்.) என்ன கேட்டது? ‘தமிழ் கற்றா மானம்’! மெட்டில் அந்த இடத்தில் ஒரு முழு எண்ணிக்கை இருப்பதால் ‘ம’ என்ற குறில் நின்றுபோய் நெடிலாகிறது. மனம் மானமாகிவிட்டது. இப்படியே போனால் வரம் கேட்டவருக்கு வாரம்தான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பாடல்களில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்த்தவர்களுக்குத் தமிழறிவு குறைவு என்று நான் சொல்லவில்லை. பப்ரிசியஸ் தமிழ் அகராதியே தொகுத்தவர். சொல்லை நன்றாகத் தெரிந்தவர் கையிலும் மெட்டு சொல்லை உடைக்கும் என்பதுதான் செய்தி.

இன்னொரு சிக்கலும் உண்டு, ஆசிரியர்களாகிய நமக்கு இதுதான் முக்கியம். ஐரோப்பியப் பாட்டில் ஐந்து, ஆறு, சில சமயம் பத்துப் பத்திகள்கூட இருக்கும். ஒவ்வொன்றிலும் சொற்கள் வேறு. கையில் புத்தகம் இல்லாமல், எழுத்துத் தெரியாமல், அதைப் பாடுவது கடினம். அன்றைய சபையில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இங்கேதான் வேதநாயகம் சாஸ்திரியார் வருகிறார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் படித்தவர்தான். சாஸ்திரியார் தஞ்சையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். நம் ஆள்! அவர் கீர்த்தனை வடிவத்தைக் கையில் எடுத்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம். இதை இசை வடிவம் என்று மட்டும் பார்க்காதீர்கள், கற்பித்தல் உத்தியாகவும் பாருங்கள். முன்னால் நிற்பவர் சரணத்தைப் பாடுகிறார். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புகிறார்கள். பல்லவி ஒரு வரி, இரண்டு வரி. படிக்காதவருக்கும் இரண்டாவது தடவையில் மனப்பாடமாகிவிடும். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நினைவில் எடுத்துக் கொடுக்கும். தாளம் குறில், நெடிலோடு ஒத்துப் போகிறது. புத்தகம் இல்லாத கூட்டத்துக்கு ஏற்ற பாட்டு.

நாம் வகுப்பில் நடத்தும் குற்றாலக் குறவஞ்சியின் வடிவத்திலேயே அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். அதற்குள் உலக நிலவியலும், சூரியனைக் கோள்கள் சுற்றிவருகின்றன என்ற புதிய வானவியலும்கூட வருகின்றன. பள்ளியில் நடத்திய பாடத்தைக் குறத்தியின் பாட்டுக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டார் மனிதர். கதாகாலட்சேபமாக அவர் பாடல்களை நடத்தும் வழக்கம் அவர் குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1853இல் மதுரைப் பக்கம் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை பல ஊர்ச் சபைகளுக்கும் பரவின. இன்று தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் பாமாலை என்றும் கீர்த்தனை என்றும் இரண்டு வகை இருப்பதைக் கேட்டிருப்பீர்கள். பாமாலை மேற்கத்திய மெட்டு, கீர்த்தனை நம் மெட்டு. ஒரே ஞாயிறு, ஒரே கூட்டம், இரண்டையும் பாடுகிறார்கள்.

கதையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் சிலர் தஞ்சைச் சபைகளில் இரண்டு காரியங்களைச் செய்ய முனைந்தார்கள். ஆலயத்துக்குள் சாதி வாரியாகப் பிரிந்து உட்காருவதும் திருவிருந்தில் வேறுபாடு பார்ப்பதும் கூடாது என்றார்கள். அதே மூச்சில் தமிழ் இசையும் பூ அலங்காரமும் வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியார் இரண்டையும் சேர்த்தே எதிர்த்து எழுதினார். தமிழ்ப் பாட்டுக்காகப் போராடிய அதே பேனா சாதிப் பிரிவினைக்கும் வாதாடியது. அந்த மிஷனரிகளோ சாதி கூடாது என்ற சரியான கருத்தோடு, ஒரு மக்களின் இசையை மதிக்கத் தெரியாதவர்களாக இருந்தார்கள். யாரை முழுவதும் பாராட்டுவது? இதை மறைக்காமல் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லலாம் என்பது என் கருத்து. வரலாற்றில் ஒரு மனிதரை ஒரே நிறத்தில் தீட்டிக் காட்டினால் பிள்ளைகள் அதை வெகுநாள் நம்பமாட்டார்கள்.

கீர்த்தனை உள்ளே வந்துவிட்டது, சரி. எந்தத் தமிழ் இசை உள்ளே வந்தது? சபா, அரண்மனை, காலட்சேப மேடை இவற்றில் மதிப்புப் பெற்ற இசை. வயலில் நாற்று நடும்போது பாடிய பாட்டும், சாவு வீட்டில் அடித்த பறையும் வாசலிலேயே நின்றன. பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்களில் கிறித்தவரான பலர், அது இழிவின் அடையாளம் என்று பறையை அறவே கைவிட்டார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமான முடிவு. ஆனால் அதன் விளைவு, நாட்டுப்புற இசை கோயிலுக்கு ஆகாது என்ற எண்ணம் அந்த மக்கள் மனத்திலேயே ஊன்றிவிட்டது.

ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது, அவரும் நம் தொழில்காரர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று ஆசிரியராக இருந்து, பிறகு தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ்பெற்றவர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். ஒரு தானத்துக்கு 22 சுருதி என்ற வழக்கமான கணக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு 24 என்று வாதாடினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தம் கருத்தை எடுத்துவைத்தார். அவருடைய கிறித்தவக் கீர்த்தனைகளும் தமிழிசை ஆய்வும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. அவர் கணக்கு சரியா என்பதை இசையறிஞர்கள் பேசட்டும். பழந்தமிழ் நூலை இசைக்காக வரிவரியாகப் படித்த முறைதான் எனக்குப் பிடித்தது.

பறையின் கதைக்கு வருவோம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். பரட்டை என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும். கீர்த்தனையிலும் பயிற்சி பெற்றவர் பாட, மற்றவர் பின்னால் போக வேண்டியிருக்கிறது என்பது அவருடைய குறை. நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், சொல்லை மாற்றலாம், தங்கள் ஊர்ச் செய்தியைச் சேர்க்கலாம். பாட்டு பாடுகிறவருக்குச் சொந்தமாகிறது. அவர் கிராமத்து மெட்டுகளில், கிராமத்துப் பேச்சில், முழு வழிபாட்டையே அமைத்தார். கடவுளை ‘பெத்தவரே’ என்று அழைத்தார். மொழியாசிரியர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தந்தை என்றால் ஆண் மட்டும், தாய் என்றால் பெண் மட்டும். ‘பெத்தவர்’ இருவருக்கும் பொதுவான பலர்பால் வடிவம், மரியாதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. புத்தகத் தமிழில் நீளமாக விளக்க வேண்டிய ஒன்றைப் பேச்சுத் தமிழ் ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

எதிர்ப்பும் இருந்தது. பறைச் சத்தம் கேட்டால் சாவு நினைவுதானே வரும் என்றார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரிடம் கற்று, அவரைப் பற்றி எழுதிய விரிவான நூல் 2014இல் வந்தது. பறை இன்று எத்தனையோ மேடைகளில் தலைநிமிர்ந்து ஒலிக்கிறது. நம் துறையின் கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் நாட்டுப்புறக் கலைகளோடு வந்து நிற்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இதை நினைத்திருக்க முடியாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. எத்தியோப்பியத் திருச்சபையில் பெரிய முரசும் கிலுக்குக் கருவியும் இல்லாமல் வழிபாடு நிறைவடையாது. யாரேத் என்பவர் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த இசை அது என்று அங்குள்ள மரபு சொல்கிறது. முரசு கோயிலுக்கு ஆகாது என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். காங்கோவில் கமினா என்ற ஊரில், பெல்ஜியத்திலிருந்து வந்த குயிதோ ஹாசன் என்ற பாதிரியார் ஒரு பள்ளியின் மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக் குழு அமைத்தார். 1958இல் அவர்கள் ‘மிஸ்ஸா லூபா’ என்ற இசையை உருவாக்கினார்கள். சொற்கள் பழைய லத்தீன், பாடும் முறையும் தாளமும் காங்கோ. கத்தோலிக்கத் திருச்சபை தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் கொடுத்ததே அதற்குப் பிறகுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட ஆவணத்தில்தான் அது வந்தது. ஒவ்வொரு மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அந்த ஆவணம் சொன்னது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பெரியவர்களிடம் கேட்டால், சிறு வயதில் பொருள் தெரியாமல் லத்தீன் பூசை கேட்ட கதையைச் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் உலகமெங்கும் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் ஃபிரான்ஸ் க்ரூபர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் 1818 டிசம்பர் 24 இரவு, கிட்டாரை வைத்துக்கொண்டுதான் முதலில் பாடினார்கள். ஆலயத்துக்குரிய கருவி ஆர்கன் என்றிருந்த காலம் அது.

இனி நம் வகுப்பறை. சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்பில் யாப்பு நடத்த வேண்டியிருந்தது. நேரசை, நிரையசை என்று கரும்பலகையில் எழுதியதுமே பிள்ளைகள் முகத்தில் விளக்கணைந்துவிடும், உங்களுக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டிலோ தெருவிலோ கேட்ட ஒரு பாட்டின் சொற்கள் வேண்டாம், அதன் அமைப்பை மட்டும் எழுதி வாருங்கள். யார் தொடங்குகிறார், யார் திருப்பிப் பாடுகிறார், எந்த வரி திரும்ப வருகிறது, என்ன கருவி, எந்தச் சமயத்தில் பாடுகிறார்கள்.

சொற்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையை அவன் சமயப் பாட்டைப் பாடச் சொல்வதும் சரியில்லை, மற்றவனைக் கேட்க வைப்பதும் சரியில்லை. கானாவிலும் சில சொற்களை வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது. அமைப்பைப் பேசினால் எல்லோரும் பேசலாம். அப்படித்தான் நடந்தது. மாடி ஹால் சபைக்குப் போகும் மாணவி, ‘பாஸ்டர் ஒரு வரி சொல்வார், நாங்க அதையே மூணு தடவை பாடுவோம்’ என்று எழுதியிருந்தாள். அம்மன் கோயில் கும்மிப் பாட்டைப் பற்றி எழுதியவளும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாணவன் தாளே கொடுக்கவில்லை. அவன் அடிக்கடி விடுப்பு எடுப்பவன். காரணம் கேட்டால் ‘சும்மாதான் மிஸ்’ என்பான். தனியாக அழைத்துக் கேட்டபோது, மாமாவோடு சாவுக்கு மேளம் அடிக்கப் போவதாகச் சொன்னான். ‘அதைப் போய் எப்படி மிஸ் எழுதறது?’ என்று கேட்டான். இருநூறு ஆண்டுக்கு முன் ஆலய வாசலில் நின்ற கேள்வி அது. இப்போது என் வகுப்பு வாசலில் நின்றது.

அவனை எழுதச் சொல்லவில்லை, மேசையைத் தட்டச் சொன்னேன். நேரசைக்கு ஒரு தட்டு. நிரையசைக்கு விரைவாக இரண்டு தட்டு. ‘தேமா’ என்றால் ஒன்று, ஒன்று. ‘புளிமா’ என்றால் இரண்டு, ஒன்று. ‘கருவிளம்’ இரண்டு, இரண்டு. ‘கூவிளம்’ ஒன்று, இரண்டு. பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். பிறகு நான் ஒரு குறளைச் சொல்ல, அவன் சீர் சீராகத் தட்டினான். ஓர் இடத்தில் அவன் தட்டியதும் வகுப்பு எழுதியதும் வேறுபட்டன. பிரித்துப் பார்த்தோம், அவன் தட்டியதுதான் சரி. அந்த வாரம் முழுவதும் மேசைகள் பட்ட பாட்டைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் உங்களுக்குச் சொல்வார், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவன் விடுப்பு எடுப்பது நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த வருமானம் அந்த வீட்டுக்குத் தேவைப்படுகிறது. அதை யாப்பு வகுப்பு தீர்க்காது. பெற்றோரை அழைத்துப் பேசியிருக்கிறோம், பள்ளி நாட்களில் அனுப்புவது குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது விடுப்புக் கடிதத்தில் காரணத்தை எழுதுகிறான்.

‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் பாட்டு நிறையவே இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். கையேட்டில் உள்ள பாட்டுக்கு யூடியூபில் கேட்ட ஆங்கில ரைம்ஸ் மெட்டைப் போடும்போது ‘தமிழ் கற்றா மானம்’ ஆகிறதா என்று ஒருமுறை பாடிப் பாருங்கள். குறில், நெடில் கற்றுக்கொண்டிருக்கும் வயதில் பிள்ளை காதில் விழுவதுதான் அதன் எழுத்திலும் வரும். மெட்டு உடைத்தால் மெட்டை மாற்றுங்கள். உங்கள் தெருவிலேயே நல்ல மெட்டுகள் இருக்கின்றன.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் வகுப்பில் கிடைத்த ஒரு பாட்டின் அமைப்பை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். தெருப் பெயர், கருவி, யார் தொடங்குகிறார், யார் திருப்பிப் பாடுகிறார், இவை போதும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பணியாற்றும் நண்பர்களிடமும் கேட்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.